மூன்று திடல்கள், இரண்டு பகல், ஆறு பேர்: ஒரு டிஸ்க் கோல்ஃப் பயணத் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஒரு குடும்பம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கையால் தட்டு எறிந்து ஆடும் டிஸ்க் கோல்ஃபுக்கு மூன்று திடல்கள் ஒரே இடத்தில் அமைந்த பூங்காவுக்குப் போய்வந்தது. அந்தப் பயணம் எப்படித் திட்டமிடப்பட்டது, திட்டம் எங்கே மாறியது, மாற்றியது சரிதானா என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். போனவர்களின் பெயர்கள் தேவையில்லை, உறவுமுறை போதும். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்ற மாமா, முழங்கால் வலிக்காரர். அவர் மனைவியான அத்தை. படிவம் ஒன்றில் படிக்கும் அவர்களுடைய கடைக்குட்டி மகன். மாமாவின் அக்காள் மகன், ஈப்போ தொழிற்சாலையொன்றில் தொழில்நுட்பர். அவனை மருமகன் என்றே குறிப்பிடுகிறேன். அவனுடைய தங்கை, மருத்துவமனைத் தாதி. ஆறாவது ஆள் மாமாவின் மூத்த மகள். அட்லாண்டாவில் முதுகலைப் படிப்பை முடித்து, மே மாதப் பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருந்தவள்.

பட்டமளிப்புதான் பயணத்தின் காரணம். தட்டு எறிவதற்காக யாரும் உலகத்தின் மறுபக்கத்துக்கு விமானம் ஏறவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் போகிற கையோடு இரண்டு நாளைத் தனக்குத் தரவேண்டும் என்று மருமகன் கேட்டான். "இரண்டு நாள்தானே, எடுத்துக்கொள் தம்பி" என்று மாமா சொல்லிவிட்டார். ஊரில் கோயில் யாத்திரைக்கும் பள்ளிச் சுற்றுலாவுக்கும் பஸ் அமர்த்திக் கொடுத்துப் பழகியவன் நான் என்பதால், மருமகன் எழுதிய திட்டத்தை மாமா என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

ஆட்டமும் இடமும்

கோல்ஃப் ஆட்டத்தின் ஒழுங்குதான் இதற்கும். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகக் கையால் வீசும் தட்டு. தரையில் குழிக்குப் பதிலாக, கம்பத்தைச் சுற்றிச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. எறிமேடையிலிருந்து வீச வேண்டும். தட்டு விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மீண்டும் வீச வேண்டும். கூடையில் தட்டு தங்கும்வரை எத்தனை எறி என்பதே கணக்கு. ஒரு முழுச் சுற்றுக்குப் பெரும்பாலும் 18 இலக்குகள். முதல் நிரந்தரத் திடல் 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைந்தது. அதை அமைத்த எட் ஹெட்ரிக்தான் அடுத்த ஆண்டு தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்தின் முதல் எண் உறுப்பினரும் அவரே. சங்கிலிக் கூடைக்கு 1977இல் காப்புரிமை பெற்றார்.

அந்தச் சங்கத்தின் தலைமையகம் இருக்கும் இடமே மருமகன் குறித்துவைத்த பூங்கா. ஜார்ஜியாவின் ஆப்லிங் என்ற சிற்றூருக்கு அருகே, கிளார்க்ஸ் ஹில் ஏரிக்கரையில் உள்ள வைல்ட்வுட் பூங்கா. அனைத்துலக டிஸ்க் கோல்ஃப் மையம் 2007இல் இங்கே திறக்கப்பட்டது. எட் ஹெட்ரிக், ஜிம் வார்னர், டபிள்யூ.ஆர். ஜாக்சன் என மூவரின் பெயரில் மூன்று திடல்கள், ஒவ்வொன்றிலும் 18 இலக்குகள். சங்கத்தின் சாம்பியன்ஸ் கப் போட்டி 2022 ஏப்ரலில் முதன்முறையாக நடந்தது ஜாக்சன் திடலில்தான். பொதுப் பிரிவில் கிறிஸ் டிக்கர்சனும் பெண்கள் பிரிவில் எஸ்டோனியாவின் கிறிஸ்டின் டாட்டாரும் வென்றார்கள். மருமகன் அந்தப் போட்டியைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தவன். பைன் மரங்களுக்கு நடுவே தட்டு வளைந்து போகும் அந்தக் காட்சிதான் அவனுக்கு இந்த ஆசையையே மூட்டியது.

மருமகனின் முதல் திட்டம்

ஒரே தாளில் அழகாகக் கோடு போட்டு எழுதியிருந்தான். அட்லாண்டாவில் இறங்கிய மறுநாள் காலையிலேயே பூங்காவுக்குப் புறப்பாடு. முதல் நாள் இரண்டு திடல்கள். இரண்டாம் நாள் காலை மூன்றாவது திடல், மதியத்துக்குப் பிறகு பிடித்த திடலில் இன்னொரு சுற்று. அதற்குப் பிறகு அட்லாண்டா திரும்பிப் பட்டமளிப்பு விழா. மொத்தம் நான்கு சுற்று, 72 இலக்குகள்.

காலை ஆறரைக்கு முன்பே விடிகிறது, இரவு எட்டு மணி தாண்டித்தான் சூரியன் மறைகிறது என்பதை அவன் தேடிப் பார்த்துவைத்திருந்தான். மே மாதத்து ஜார்ஜியாவுக்கு அது பொருந்தும். ஏறக்குறைய பதினான்கு மணி நேர வெளிச்சம். ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம் என்று போட்டால் நான்கு சுற்றும் இரண்டு நாளில் தாராளமாக அடங்குகின்றன. தாளில் ஒரு தவறும் தெரியவில்லை. அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பழகிய ஆட்டக்காரர் இருவர் மூவர் ஒரு சுற்றை முடிக்கும் நேரம் அது. போகிறவர்களோ ஐந்து ஆட்டக்காரர்கள். அவர்களில் நால்வர் அன்றுவரை ஒரு கூடையைக்கூட நேரில் பார்த்திராதவர்கள்.

பல திடல்கள் உள்ள பூங்காவுக்குப் போகிற எல்லோரையும் இழுத்துவிடும் வலை இதுதான் என்று நினைக்கிறேன். திடல்களின் எண்ணிக்கையைப் பார்த்ததும் மனம் அதைப் பட்டியலாக்கிவிடுகிறது. கோயில் யாத்திரையிலும் இதைக் கண்டிருக்கிறேன்: ஒன்பது தலம் என்று நோட்டீஸ் அடித்துவிட்டால், நான்காவது தலத்திலேயே பாட்டிமார் பஸ்ஸை விட்டு இறங்க மறுப்பார்கள்.

எறிகளை வைத்து நேரக் கணக்கு

மாமாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் வேறு வழியில் கணக்குப் போட்டோம். திடலை அளவாக வைக்காமல் எறியை அளவாக வைத்தோம். புதியவர் ஒருவருக்கு ஓர் இலக்கை முடிக்கச் சராசரியாக ஐந்து எறி என்று கொள்ளலாம். ஐந்து பேர், 18 இலக்குகள். மொத்தம் 450 எறிகள். கூடைக்கு அதிகத் தொலைவில் நிற்பவர்தான் முதலில் எறிய வேண்டும் என்பது ஆட்ட ஒழுங்கு. அதனால் ஐவரும் ஒரே நேரத்தில் வீசிவிட்டு ஓட முடியாது. ஒருவர் வீச மற்றவர்கள் நிற்க வேண்டும். நின்று, பார்த்து, வீசி, தட்டு விழுந்த இடத்துக்கு நடப்பதற்கு ஓர் எறிக்கு அரை நிமிடம் வைத்தால் 225 நிமிடங்கள். மூன்றே முக்கால் மணி நேரம். இதில் தண்ணீர் குடிப்பதும் இல்லை, தட்டுத் தேடுவதும் இல்லை.

தட்டுத் தேடுவது சிறு விஷயம் அல்ல. காணாமற்போன தட்டைத் தேட விதிப்படி மூன்று நிமிடம் கொடுப்பார்கள். அதற்குள் கிடைக்காவிட்டால் ஓர் எறி தண்டனை, முன்பு எறிந்த இடத்துக்கே திரும்பிப்போய் மீண்டும் வீச வேண்டும். காட்டுத் திடலில் புதியவர் ஐவர் ஒரு சுற்றில் பத்து முறையாவது புதருக்குள் நுழைவார்கள். அதற்கு மேலும் அரை மணி நேரம் வைக்க வேண்டும்.

ஆக, ஒரு சுற்று நான்கு மணி நேரத்துக்கு மேல். முதல் நாள் இரண்டு சுற்று என்றால் எட்டரை மணி நேரம் காலில் நிற்பது. அட்லாண்டாவிலிருந்து பூங்காவுக்கு நெடுஞ்சாலையில் சுமார் 200 கிலோமீட்டர் கார் ஓட்டம் இருக்கிறது. அதையும் சேர்த்தால் அந்தப் பதினான்கு மணி வெளிச்சத்தில் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்குமாகச் சுமார் மூன்று மணி நேரமே மிஞ்சும்.

மாமா கிராணியாக இருந்தவர். காலைப் பிரட்டில் ஆள் எண்ணிப் பேர்போட்டு, ஒரு நிரைக்கு எத்தனை ஆள், எத்தனை மணி என்று வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவர். இந்தக் கணக்கைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஆளைப் பிரி." இரண்டாகப் பிரித்தால் மூவர் குழுவுக்கு 270 எறி, இரண்டேகால் மணி நேரம். இருவர் குழுவுக்கு 180 எறி, ஒன்றரை மணி நேரம். நான் இதைச் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார் என்பதில் எனக்குச் சற்று ஏமாற்றம்தான்.

இன்னொரு சிக்கல் கடிகாரத்தில் இருந்தது. கோடைக்காலத்தில் மலேசியாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். இங்கே பகல் பன்னிரண்டு என்றால் அங்கே நள்ளிரவு. உடம்புக்கு இதைவிடக் கொடுமையான மாற்றம் வேறு கிடையாது. இறங்கிய மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு மாமா திடலில் தட்டு வீசினால், அவர் உடம்பைப் பொறுத்தவரை அது பின்னிரவு இரண்டு மணி. எனவே பட்டமளிப்பு முதலில், பூங்கா பிறகு என்று வரிசையை மாற்றினோம். விழா நடக்கும் நாட்களிலேயே உடம்பு ஓரளவு பழகிவிடும்.

கிழமையும் மாறியது. வார இறுதியில் திடல்களில் போட்டி இருந்தால் வெளியார் ஆட முடியாது. போட்டி இல்லாவிட்டாலும் கூட்டம் இருக்கும், பின்னால் வருபவர்கள் காத்திருக்கும்போது புதியவருக்குக் கை நடுங்கும். திங்களும் செவ்வாயும் என்று முடிவானது. மகள் டிஸ்க் கோல்ஃப் மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, அந்த இரண்டு நாளில் போட்டி ஏதும் உண்டா, அங்குள்ள அருங்காட்சியகம் எப்போது திறந்திருக்கும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்தாள்.

ஒரு சிறு இடைச்செருகல். மகள் முதலில் ஏப்ரல் தொடக்கத்தில் வந்தால் என்ன என்று கேட்டிருந்தாள். ஆகஸ்டா நகர விடுதிகளின் விலையைப் பார்த்த மாமா, கணினியில் ஏதோ கோளாறு என்றே நினைத்தார். பூங்காவுக்குப் பக்கத்துப் பெரிய நகரமான ஆகஸ்டாவில் ஒவ்வோர் ஏப்ரலிலும் முதல் முழு வாரத்தில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கிறது, 1934இல் தொடங்கியது. அந்த வாரம் ஊரே விலை ஏறிவிடும். தட்டு எறியப் போகிறவர் பந்தடிக்கும் கோல்ஃப் நாட்காட்டியையும் பார்த்துவிட்டுத்தான் அங்கே அறை எடுக்க வேண்டும்.

பழைய தோட்டத் திடலில் பயிற்சி

நால்வருக்கும் எறியவே தெரியாது என்பதால் பயிற்சி தேவைப்பட்டது. மாமா வேலை பார்த்த தோட்டத்தில் இப்போது லயங்கள் இல்லை. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, ஆட்கள் ஊருக்குள் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தார்கள். ஆனால் பந்து விளையாடிய திடல் மட்டும் புல் வளர்ந்து கிடக்கிறது. தோட்ட நிர்வாகியிடம் முறையாகக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஆட அனுமதி வாங்கினார்கள்.

கூடையை மருமகனே செய்தான். பழைய மோட்டார் சைக்கிள் சங்கிலிகளை வளையத்தில் மாட்டி, கீழே பிளாஸ்டிக் கூடை. முதல் மாலை முழுக்கத் தட்டு சங்கிலியில் பட்டுப் பட்டுத் தெறித்து வெளியே விழுந்தது. காரணம் எளிது. சங்கிலியின் வேலை தட்டைத் தடுப்பது அல்ல, அதன் வேகத்தைக் குடிப்பது. தளர்வாகத் தொங்கும் சங்கிலி தட்டோடு சேர்ந்து அசைந்து, அந்த அசைவிலேயே வேகத்தை வாங்கிக்கொள்ளும். தட்டு செத்துப்போய்க் கீழே கூடையில் விழும். மருமகனோ அழகு கருதிச் சங்கிலிகளைக் கீழேயும் இழுத்துக் கட்டியிருந்தான். சுவரில் எறிந்த கதைதான். கீழ்க்கட்டை அவிழ்த்துவிட்டு, உள்ளே இன்னொரு சுற்றுச் சங்கிலி தொங்கவிட்டதும் நிலைமை மாறியது.

தட்டுகளைப் பற்றித்தான் பெரிய வாக்குவாதம். பெரும்பாலான தட்டுகளின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும்: வேகம், மிதப்பு, பறக்கும் முதற்பகுதியில் எவ்வளவு சாய்கிறது, கடைசியில் எவ்வளவு வளைகிறது. மருமகன் இணையத்தில் வாங்கி வைத்திருந்தவை பெரும்பாலும் வேகம் 12, 13 எனப்படும் தொலைவீச்சுத் தட்டுகள். விளிம்பு கூர்மையாக, ஓரம் கனமாக இருக்கும். அந்த எண் தட்டு எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கான வாக்குறுதி இல்லை. எவ்வளவு வேகமாக எறிந்தால் அது ஒழுங்காகப் பறக்கும் என்பதற்கான நிபந்தனை. மெதுவான கையிலிருந்து புறப்பட்டால் அது மிதக்காமல், வலக்கைக்காரரின் வழக்கமான பின்கை வீச்சில் சட்டென்று இடப்பக்கம் வளைந்து தரையில் குத்தும். தாதித் தங்கையும் கடைக்குட்டியும் முதல் மாலையில் எறிந்த எல்லாத் தட்டும் இடது ஓரத்து வாய்க்காலுக்கே போயின. தங்களுக்குக் கை வராது என்றே அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

வேகம் 2, 3 உள்ள கூடைத்தட்டையும், 4, 5 உள்ள நடுத்தூரத் தட்டையும் கொடுத்தபோது இருவருக்கும் நேராகப் போயிற்று. தூரம் நாற்பது ஐம்பது மீட்டர்தான். ஆனால் நேர்கோட்டில் நாற்பது மீட்டர் என்பது காட்டுத் திடலில் எண்பது மீட்டர் வளைவைவிட மேல், ஏனென்றால் தேடுகிற நேரம் மிச்சம். மருமகன் இதை ஒப்புக்கொள்ள இரண்டு ஞாயிறு பிடித்தது. கடைசியில் ஆளுக்கு இரண்டே தட்டு என்று முடிவானது. மாமா தனக்கு ஒன்றே போதும் என்றார்.

எடையிலும் ஒரு வரம்பு இருக்கிறது. தட்டின் விட்டத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது சங்கத்தின் விதி. 21.2 சென்டிமீட்டர் தட்டு என்றால் சுமார் 176 கிராம். கடைக்குட்டிக்கு 150 கிராம் அளவிலான இலேசான தட்டு வாங்கிக் கொடுத்தது நல்ல முடிவு. அதே கைவிசைக்கு அது கூடுதலாக மிதந்தது.

திடலில் நேராக எறியப் பழகியபின், பக்கத்துச் செம்பனை நிரைகளுக்குள் போனார்கள். இந்த யோசனை மாமாவுடையது. பயிற்சியிலேயே அதிகம் பலன் தந்ததும் இதுதான். செம்பனையை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண வாக்கில் நடுவது வழக்கம். ஆகவே நிரையின் நடுவே நின்றால் முன்னால் நீண்ட சந்து, இருபுறமும் அடிமரங்கள். ஜார்ஜியாவின் பைன் காட்டுத் திடலுக்கு இதைவிட நெருக்கமான ஒத்திகை பேராக்கில் கிடைக்காது. வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குள் பழுப்பு நிறத் தட்டு ஒன்று போய், அன்றைக்குக் கிடைக்கவே இல்லை. மட்டை முள்ளில் கையும் கிழிந்தது. அந்த இழப்பிலிருந்து நிறத்தைப் பற்றிய பாடம் வந்தது: பைன் காட்டுத் தரையில் காய்ந்த ஊசியிலை செம்பழுப்பாகக் கிடக்கும், எனவே ஆரஞ்சும் சிவப்பும் பழுப்பும் வேண்டாம். இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் எடுத்தார்கள்.

விசா, விமானம், வண்டி

இதில் சொல்ல அதிகம் இல்லை. மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்காவில் விசா விலக்குக் கிடையாது. அப்போது ஆளுக்கு 185 டாலர் கட்டணம், கோலாலம்பூர்த் தூதரகத்தில் நேர்காணல். அதனால் மாதக்கணக்கில் முன்னதாகவே தொடங்கினார்கள். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு இ.டி.எஸ். மின்சார ரயில், பிறகு தோஹா வழியாக அட்லாண்டா. அங்கே ஏழு இருக்கை வண்டி. மகளுக்கு ஜார்ஜியா உரிமம் இருந்ததால் ஓட்டுநர் பிரச்சினை எழவில்லை. தோட்டத்து லாரியையே ஓட்டிய தனக்குச் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது ஒரு விஷயமா என்று மாமா கேட்டார். அத்தை பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது.

அத்தையைப் பற்றி யாரும் திட்டத்தில் எழுதவே இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அவர் ஆடப்போவதில்லை. முதல் திட்டப்படி, இரண்டு நாளும் காலை முதல் இரவு வரை அவர் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது காட்டுக்குள் பின்னாலேயே நடக்க வேண்டும். நான் இதைக் கேட்டபோது மருமகன், "அத்தை ஒன்றும் சொல்ல மாட்டார்" என்றான். சொல்ல மாட்டார் என்பதுதான் பிரச்சினையே. திருத்திய திட்டத்தில் அவருக்கென்று ஏரிக்கரை, அருங்காட்சியகம், செவ்வாய்க்கிழமை மாலை ஆகஸ்டாவின் இந்துக் கோயில் ஆகியவை சேர்ந்தன.

நடந்தது

திங்கட்கிழமை முற்பகலில் பூங்காவை அடைந்தார்கள். ஹெட்ரிக் பெயரிலான திடலில் ஒன்பது இலக்குகள் மட்டும், அதுவும் இரண்டு குழுக்களாக. மருமகனும் மாமா மகளும் முன்னால். தாதித் தங்கை, கடைக்குட்டி, மாமா பின்னால். மாமா எல்லா எறியும் எறியவில்லை. எறிமேடையிலிருந்து வீசுவதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, கூடைக்குப் பத்து மீட்டருக்குள் வந்ததும் அவர் இறங்கினார். அந்தப் பத்து மீட்டர் வட்டத்துக்குள் ஒரு தனி விதி இருக்கிறது: எறிந்தபின் தட்டு விழுந்த இடத்தைத் தாண்டி முன்னால் சாய்ந்து விழக் கூடாது, நிலையாக நின்று காட்ட வேண்டும். முழங்கால் வலிக்காரர் ஓடி வந்து எறிய மாட்டார், அவர் எப்போதும் நின்றே எறிவார். அங்கே அவருக்கு அது வசதியாகப் போயிற்று. கடைக்குட்டிக்கு அப்பாவிடம் ஆட்டத்தில் தோற்றது அன்றுதான் முதல்முறை.

புதருக்குள் போவதில் தாதித் தங்கை கடுமையான கட்டுப்பாடு வைத்தாள். அந்தப் பகுதியில் மூன்று மூன்று இலையாக வளரும் ஒரு நச்சுக்கொடி இருக்கிறது. பட்டால் நம் காஞ்சொறியைப்போல அரிப்போடு நிற்காது, நாள்கணக்கில் கொப்புளம் கிளம்பும். உண்ணியும் உண்டு. எல்லோருக்கும் நீளக் கால்சட்டை, காலுறைக்குள் அதன் நுனியைச் செருக வேண்டும், ஆட்டம் முடிந்ததும் காலைப் பார்க்க வேண்டும். அட்டைக்கு அஞ்சிப் பழகிய தோட்டத்துக் குடும்பத்துக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை.

மதியத்துக்குப் பிறகு ஆட்டமில்லை. அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். ஹெட்ரிக் 2002இல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள் என்ற செய்தியை மகள் அத்தையிடம் சொன்னாள். கடலில் கரைக்க வேண்டியதைக் காற்றில் எறிகிறார்களா என்று அத்தை திகைத்துப்போனார். பிறகு நெடுநேரம் அதைப் பற்றியே பேசினார் என்றும், அந்த மனிதரின் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் இதற்கு எப்படிச் சம்மதித்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்றும் மகள் சொன்னாள். பயணத்தில் அத்தைக்கு அதிகம் நினைவில் நிற்பது பட்டமளிப்புக்கு அடுத்தபடியாக இதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை மீண்டும் அதே ஹெட்ரிக் திடல், இப்போது முழுதாக. மருமகன் இங்கேதான் எதிர்த்தான். புதிய திடல் பக்கத்தில் இருக்கும்போது பழையதையே ஏன் ஆட வேண்டும் என்றான். தாதித் தங்கையும் கடைக்குட்டியும் விடவில்லை. நேற்று எந்த மரத்தில் அடித்தோம் என்று தெரியும், இன்று அதைத் தாண்ட வேண்டும் என்றார்கள். முதல் நாள் ஆடிய அதே ஒன்பது இலக்குகளை அவர்கள் குறைந்த எறிகளில், குறைந்த நேரத்தில் முடித்தார்கள். தேடலே பாதியாகக் குறைந்தது. அடுத்த ஒன்பதில் மீண்டும் தடுமாறினார்கள், ஆனால் தடுமாற்றத்தைப் பார்த்துச் சிரிக்கிற நிலைக்கு வந்திருந்தார்கள்.

மதியம் மற்றவர்கள் ஏரிக்கரையில் ஓய்வெடுக்க, மருமகனும் மாமா மகளும் மட்டும் ஜாக்சன் திடலுக்குப் போனார்கள். திட்டத்தில் அவனுக்கென்று ஒதுக்கிய நேரம் இது. ஏழாவது இலக்கில் இடி கேட்டது. மே மாதத்தில் அங்கே பிற்பகல் இடிமழை சாதாரணம்; உயர்ந்த மரங்கள், பக்கத்தில் இரும்புக் கூடை, சங்கிலி. ஆட்டத்தை நிறுத்திவிட்டு வண்டிக்குத் திரும்பினார்கள். மழை விட்டபோது கோயிலுக்குப் புறப்படும் நேரம் ஆகிவிட்டது. ஜாக்சன் திடலில் பதினோரு இலக்குகள் மீதம். வார்னர் திடலில் யாரும் கால் வைக்கவே இல்லை.

மருமகனின் வாதமும் என் மதிப்பீடும்

ஊர் திரும்பிய பின் மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் உணவுக்கடையில் தே தாரேக் தேநீர் குடித்துக்கொண்டே மருமகன் தன் குறையைச் சொன்னான். மூன்று திடல்கள் உள்ள இடத்துக்கு இவ்வளவு செலவு செய்து போய், ஒன்றரைத் திடல் ஆடிவிட்டு வந்தால் அது என்ன திட்டம்? திங்கள் மதியம் சும்மா போன நேரத்தில் ஜாக்சனை முடித்திருக்கலாம். அன்று மழையே பெய்யவில்லை. இதை அவன் எடுத்தெறிந்து பேசவில்லை, கணக்கோடு பேசினான்.

அவன் சொல்வதில் பாதி சரி. திங்கள் மதியத்தை எல்லோருக்கும் பொதுவான ஓய்வாக வைத்தது தேவையற்ற இறுக்கம். அலுப்பு மாமாவுக்குத்தான் இருந்தது, அவனுக்கு இல்லை. நடக்க முடிந்த இருவரை அன்றைக்கே விட்டிருந்தால், செவ்வாய் மழை எதையும் பறித்திருக்காது. பிற்பகல் மழை வழக்கமாக உள்ள ஊரில், தவறவிடக் கூடாத திடலைக் கடைசி நாள் பிற்பகலில் வைப்பது நல்ல ஏற்பாடு அல்ல.

ஆனால் மூன்று திடலையும் ஆடியிருக்க வேண்டும் என்ற மறுபாதியை நான் ஏற்கவில்லை. அவன் தனியாகவோ தன்னளவு கைவீச்சுள்ள நண்பர்களோடோ போயிருந்தால் முதல் திட்டமே சரியானது. நான்கு சுற்று என்ன, ஐந்தும் ஆடலாம். குடும்பத்தோடு போனதால் அளவுகோல் மாறியது. ஒரு திடலை முதல்முறை ஆடும் புதியவர் மரத்தையும் மரத்துக்குப் பின்னால் விழுந்த தட்டையும்தான் பார்க்கிறார். இலக்கு எந்தப் பக்கம் வளைகிறது, எந்த இடத்தில் தட்டு விழுந்தால் அடுத்த எறி எளிது என்பதெல்லாம் இரண்டாம் முறைதான் கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று திடலை ஒவ்வொரு முறை ஆடியிருந்தால், தாதித் தங்கையும் கடைக்குட்டியும் மூன்று முறை முதல் நாளையே வாழ்ந்திருப்பார்கள். அவர்கள் இன்று ஞாயிறு தவறாமல் தோட்டத் திடலுக்கு வருகிறார்கள். மருமகனுக்கு இப்போது ஊரிலேயே ஆடத் துணை இருக்கிறது. இதை அவனிடம் சொன்னபோது பதில் சொல்லாமல் இன்னொரு ரொட்டி சானாய் கேட்டான்.

அடுத்த பயணத்துக்கான தாளையும் அவன் எழுதத் தொடங்கிவிட்டான். இம்முறை பட்டமளிப்பு ஏதும் இல்லை. மகளுக்கு அங்கேயே வேலை கிடைத்திருப்பதால் தங்கும் இடம் உண்டு. மூன்று பகல் என்று போட்டிருக்கிறான். முதல் நாள் காலையிலேயே ஜாக்சன், அவனும் மாமா மகளும் மட்டும். அதே நேரத்தில் மற்ற மூவரும் வார்னர் திடலில் ஒன்பது இலக்குகள். இரண்டாம் நாள் அந்த மூவர் வார்னரை மீண்டும் ஆட, மருமகன் அவர்களோடு சேர்ந்துகொள்கிறான். மூன்றாம் நாள் மழைக்கான நாள், எதுவும் எழுதவில்லை. நான் இரண்டு திருத்தம்தான் சொன்னேன். மூன்று பகலும் திங்களுக்கும் வியாழனுக்கும் இடையிலேயே அடங்க வேண்டும். அத்தையின் பெயருக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதாமல் இருக்கிறது, அதை அவரிடமே கேட்டு நிரப்ப வேண்டும்.